கடப்பிதழ் இல்லாமல் எல்லை வரை

கோத்தா திங்கியிலிருந்து பெர்மாஸ் ஜெயாவுக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடந்துவிட்டோம். பெர்மாஸ் ஜெயாவிலிருந்து, சிங்கப்பூரை ஒட்டிய ஜோகூர் பாரு நகருக்குள் இருக்கும் கண் மருத்துவ நிலையத்துக்குப் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. அதை நானே கார் ஓட்டிக் கடக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தச் சிறிய தூரத்தைப் பற்றியது.

மார்ச் மாதம், ஞாயிறு, காலை 7.30. எங்கள் சாமான்கள் ஒரு மூன்று டன் லோரியில் ஏறின. வாடகை 450 ரிங்கிட், தூக்குபவர்கள் இருவருக்கும் சேர்த்து. என் கணவர் கோபால் வாசலில் நின்று, எது முதலில் ஏற வேண்டும், எது கடைசியில் ஏற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இருபத்தெட்டு ஆண்டுகள் லோரி ஓட்டியவர். எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலிருந்து குலைகளை ஆலைக்கும், பிறகு டேங்கரில் எண்ணெயைப் பாசீர் கூடாங் துறைமுகத்துக்கும் கொண்டுபோனவர். அன்று அவர் கைநீட்டிய திசையில் அலமாரி இல்லை, குளிர்பதனப் பெட்டிதான் இருந்தது. தூக்குபவர்கள் ஒன்றும் சொல்லாமல் அதையே தூக்கினார்கள்.

அவருக்குச் சர்க்கரை நோய். வலது கண்ணில் பார்வை போய்விட்டது. இடது கண்ணுக்கு மாதம் ஒருமுறை ஊசி போட வேண்டும். தவறினால் அதுவும் போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆண்டு இறுதியில் கோத்தா திங்கியில் ஆறு பெருகிச் சாலை மூடப்படுவது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வலது கண்ணுக்கான ஊசி அப்படி ஒரு வெள்ளத்தில்தான் இரண்டு மாதம் தள்ளிப்போனது. அடுத்த மழைக்காலத்துக்குள் நகரத்துக்குப் போய்விட வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். பள்ளி அலுவலக வேலையிலிருந்து விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில் இருக்கிறார்கள்.

பள்ளி வேன் ஓட்டும் மணியம் வழியனுப்ப வந்திருந்தார். என் கணவருடைய பழைய கூட்டாளி.

"அண்ணே, ஒத்து வரலன்னா ஒரு போன் அடிங்க. நான் வேன எடுத்துட்டு வந்து மொத்தமா ஏத்திட்டு வந்துடறேன். மாசாமாசம் ஆஸ்பத்திரிக்கும் நானே கூட்டிட்டுப் போறேன்."

"வெள்ளத்துல?" என்றேன்.

"வெள்ளத்துல போட்ல வருவேன்கா."

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவர்தான் அதிகம் சிரித்தார். ஆனால் மணியத்தின் பேச்சை அவர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீடு அடுக்குமாடியின் ஒன்பதாவது தளம். மூன்று அறைகள், வாடகை 1,250 ரிங்கிட், ஒரு கார் நிறுத்த இடம்; எங்கள் காரைப் பிறகு மணியம் ஓட்டி வந்து அதில் விட்டார். முதல் மாதத்தில் நான் செய்த சில காரியங்களை இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. குளிர்பதனப் பெட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைக்கச் சொன்னேன். அரிசிப் பாத்திரத்தை அலமாரியின் உச்சியில் வைத்தேன். கோத்தா திங்கியில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். சாமான் தூக்கி வந்த பையன்களில் ஒருவன், "ஆன்ட்டி, இங்க தண்ணி வந்துச்சின்னா சிங்கப்பூரே இருக்காது" என்றான். ஒன்பது மாடி உயரத்தில் செங்கல்லுக்கு வேலையில்லை என்று புத்திக்குத் தெரிந்தாலும், அவற்றை எடுக்க மூன்று வாரம் ஆனது.

மின்தூக்கியில் யாரும் யாரையும் எங்கே போகிறீர்கள் என்று கேட்பதில்லை. முதலில் அது மனவருத்தமாக இருந்தது. பிறகு, நான் ஒருநாள் கையில் கறிவேப்பிலைக் கட்டோடு ஏறியபோது, பதினோராவது மாடிச் சீனப் பெண்மணி எந்தக் கடை என்று கேட்டார். இங்கே பேச்சைத் தொடங்க ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான் என்று புரிந்துகொண்டேன். அடுத்த நாளிலிருந்து நானே காரணங்களைக் கண்டுபிடித்துக் கேட்க ஆரம்பித்தேன்.

ஏப்ரல், மே மாத ஊசிகளுக்குக் கைப்பேசியில் வாடகைக் கார் அழைத்துப் போனோம். ஒரு வழிக்குச் சாதாரண நேரத்தில் 14 ரிங்கிட், நெரிசலில் 27. மே மாதம் மழை. ஒப்புக்கொண்ட ஓட்டுநர்கள் ஒருவர் பின் ஒருவராக ரத்து செய்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாதி கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். கெஞ்சி உள்ளே போனோம். திரும்பி வரும்போது என் கணவர் கண்ணில் கட்டோடு சொன்னார்:

"மணியத்துக்குப் போன் பண்ணிடலாம், மல்லிகா. இந்த ஊரு நமக்கு இல்ல."

"நம்ம கார் கீழ சும்மா நிக்கிது. நான் ஓட்டறேன்."

"நீயா?"

இந்த 'நீயா'வில் நியாயம் இருந்தது. எனக்கு முப்பது ஆண்டுகளாக ஓட்டுநர் உரிமம் உண்டு. ஆனால் ஓட்டியதெல்லாம் கோத்தா திங்கியில் வீட்டிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து சந்தைக்கு. மூன்று தடச் சாலையில் ஒருமுறைகூடத் தனியாக ஓட்டியதில்லை.

"ஜூன் மாசம் ஊசிக்கு நானே கார ஓட்டி உங்களக் கூட்டிட்டுப் போறேன். முடியலன்னா மணியத்தக் கூப்பிடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"பேச்சு மாறக் கூடாது" என்றார் அவர்.

ஒரு காரியத்தை முதலில் பார்த்துப் பழகி, பிறகு செய்வதுதான் என் வழக்கம். அதனால் காரைத் தொடவில்லை. பேருந்தில் ஏறினேன். எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே ஒரு பச்சைப் பேருந்து நிற்கும். பாலத்தைத் தாண்டி, நகரத்துக்குள் கண் மருத்துவ நிலையத்தின் பின்தெரு வழியாகவே போகும். கட்டணம் 2 ரிங்கிட் 20 காசு. ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் அமர்ந்து, எந்த இடத்தில் எந்தத் தடம், எந்தப் பலகைக்குப் பிறகு இடப்பக்கம் ஒதுங்குகிறார் என்று கவனித்தேன். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஒரு தே தாரேக் தேநீர் குடித்து, அதே பேருந்தில் திரும்பினேன். மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் ஓட்டுநர், நாற்பது வயது இருக்கும் தமிழர், கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அக்கா, வீட்ல சண்டையா?"

"இல்ல தம்பி. ஏன்?"

"தினம் ஏறுறீங்க, எங்கயும் போகாம திரும்பி வர்றீங்க. நம்ம பஸ்ல ஏர்கோன் குளிரு நல்லாருக்குன்னு வர்றவங்களையும் பாத்திருக்கேன். அதான் கேட்டேன்."

காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகு, ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்பும் எனக்காக உரக்கச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். "இப்ப நடு லேன். இந்த மஸ்ஜித் தாண்டினதும் லெஃப்ட்டுக்கு வந்துடணும், அக்கா. இங்க விட்டா விட்டதுதான்." பின்னால் உட்கார்ந்திருந்த இரு மாணவிகள் எங்களை விசித்திரமாகப் பார்த்தார்கள்.

"இங்க விட்டா எங்க போகும்?" என்று கேட்டேன்.

"நேரா சிங்கப்பூர்தான்" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் பழகினேன். ஜோகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிய பிறகு ஞாயிறு காலையில் சாலை காலியாக இருக்கிறது. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லுவார். அவர் சொன்ன வழிகள் இருபது ஆண்டுகளுக்கு முந்தையவை. "அந்த மரக்கடை கிட்ட திரும்பு" என்பார். மரக்கடை இருந்த இடத்தில் முப்பது மாடிக் கட்டடம் நிற்கும். "ரவுண்டபௌட் வரும் பாரு" என்பார். ரவுண்டபௌட்டுக்குப் பதிலாக மேம்பாலம் வரும். ஆனாலும் தூரத்தை அவர் உடம்பு அறிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப பாலம் ஏறப் போறோம்" என்றால் அடுத்த நொடி சக்கரம் பாலத்தில் ஏறும்.

பெர்மாஸ் பாலத்தில் போகும்போதெல்லாம் அவர் கேட்பார்: "ரைட்ல கப்பல் நிக்கிதா?"

"தெரியல."

"லெஃப்ட்ல தண்ணி ஏறியிருக்கா, வத்தியிருக்கா?"

"என்னங்க, நான் ரோட்டப் பாக்கறேன்."

ஜூன் மாதம், வியாழன், காலை 8.20. ஊசிக்கு 10 மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பத்துக் கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கினேன். தண்ணீர்ப் போத்தல், அவருடைய மருந்து, ரொட்டி, குடை எல்லாம் பின் இருக்கையில் இருந்தன. ஜூன் மாத ஊசி தவறினால் அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்று உறுதியில்லை என்று தாதி முன்தினம் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

அடுக்குமாடிக் கதவைத் தாண்டியதும் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமைச் சாலை வேறு, வியாழக்கிழமைச் சாலை வேறு என்பது. மோட்டார் சைக்கிள்கள் இரு பக்கமும் ஓடை போல ஓடின. பாலத்தின் மேல் மூன்று தடமும் நிறைந்திருந்தது. முன்னால் இருப்பவர் நகர்ந்தால் நகர்ந்தேன், நின்றால் நின்றேன்.

பாலத்தின் நடுவில் எனக்கு முன்னே ஒரு பச்சைப் பேருந்து வந்து சேர்ந்தது.

"நம்ம பஸ்" என்றேன்.

"அது பின்னாலயே போ. விடாத" என்றார் அவர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கோத்தா திங்கியில் பேருந்தின் நிறம்தான் அது போகும் ஊர். இந்த நிறம் என்றால் மெர்சிங், அந்த நிறம் என்றால் ஜோகூர் பாரு. முகப்புப் பலகையைப் படிப்பவர் யாரும் இல்லை. தூரத்தில் நிறம் தெரிந்ததும் குடையை மடக்குவோம். நாங்கள் இருவரும் வளர்ந்த ஊர்ப் பழக்கம் அது. அன்று எங்கள் இருவருக்கும், ஒரே நேரத்தில், அந்தப் பழக்கம் வேலை செய்தது. இந்த நகரத்தில் பச்சைப் பேருந்துகள் பல உண்டு என்பதும், அவற்றில் சில தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு தினமும் சிங்கப்பூருக்குப் போகின்றன என்பதும் எங்களுக்குத் தோன்றவில்லை.

மஸ்ஜித் வந்தது. பேருந்து இடப்பக்கம் ஒதுங்கவில்லை. நானும் ஒதுங்கவில்லை. ஓட்டுநர் இன்று வேறு தடத்தில் போகிறாரோ என்று நினைத்தேன். சாலை மெல்ல உயர்ந்தது. இரு பக்கமும் சிமெண்ட் சுவர் எழும்பியது. தலைக்கு மேல் ஒரு பெரிய பலகை. அதில் இருந்த ஒரே ஊரின் பெயர் சிங்கப்பூர்.

காலை 8.55. வாகனங்கள் நின்றுவிட்டன. எனக்கு முன்னே பேருந்து, பின்னே ஒரு மீன் லோரி. நாங்கள் நாட்டின் எல்லைக்குப் போகும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். எங்களிடம் அடையாள அட்டை இருந்தது. எல்லை தாண்டக் காட்ட வேண்டிய கடப்பிதழ் கோத்தா திங்கியிலிருந்து வந்த பெட்டி ஒன்றில், ஒன்பதாவது மாடியில் இருந்தது.

"என்னா ஆச்சி? ஏன் நிக்கிற?"

"சிங்கப்பூர் வரிசையில இருக்கோம்."

"ரிவர்ஸ் எடு" என்றார்.

"பின்னால லோரி நிக்கிது."

"ஹார்ன் அடி, அவன் பின்னால போவான். எஸ்டேட்டுல நான் எத்தன தடவ..."

"இது எஸ்டேட் ரோடு இல்ல."

"அப்ப கதவத் தொற. நான் எறங்கி நடந்து போறேன்."

கதவுகளைப் பூட்டினேன். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது.

"நான் அப்பவே சொன்னேன். மணியம் வேன்ல போயிருந்தா இந்நேரம்..."

"மணியம் இந்நேரம் பிள்ளைங்கள எறக்கிட்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுட்டு இருப்பாரு. கொஞ்சம் பேசாம இருங்க. நான் யோசிக்கணும்."

யோசிப்பதற்கு அதிகம் இல்லை. மருத்துவ நிலையத்துக்குத் தொலைபேசி செய்தேன். நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் தாதி யாரிடமோ, "இன்னொருத்தங்க சிங்கப்பூர் லைன்ல மாட்டிக்கிட்டாங்க" என்று சொன்னது கேட்டது. என்னிடம், "டாக்டர் பதினோரு மணி வரைக்கும் இருப்பாரு, ஆன்ட்டி. அதுக்குள்ள வந்து கவுண்டர்ல கையெழுத்து போட்டுடணும். இல்லன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது லா" என்றார்.

'இன்னொருத்தங்க' என்ற சொல் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வரிசை நத்தை போல நகர்ந்தது. கண்ணாடிச் சுவர்கள் கொண்ட பெரிய எல்லைச் சோதனைக் கட்டடம் மெல்ல அருகே வந்தது. ஐம்பது ஆண்டுகளாக ஜோகூரில் இருந்தும் அந்தக் கட்டடத்தை இவ்வளவு அருகில் நான் பார்த்ததில்லை. என் கணவர் கைக்குட்டையால் இடது கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நீர் வடியவில்லை. பயம் வந்தால் அவர் அப்படிச் செய்வார்.

"மல்லிகா. ஊசி தவறிடுச்சின்னா..."

"தவறாது."

"தவறிடுச்சின்னா, மூஞ்சி மட்டும் தெரிஞ்சா போதும். உன் மூஞ்சி."

பேருந்து இரண்டு அடி நகர்ந்தது. நானும் இரண்டு அடி நகர்ந்தேன்.

சாவடிகளுக்கு முன்னே சீருடை அணிந்த மலாய்ப் பெண் ஒருவர் வாகனங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கண்ணாடியை இறக்கி, கடப்பிதழ் இல்லை, தடம் மாறிவிட்டோம் என்று மலாயில் சொன்னேன்.

"அலமாக், ஆன்ட்டி. சாலா லோரோங் லா" என்றார். அடடா, தப்பான தடம் என்று அர்த்தம். பெருமூச்சு விட்டுக் கையை விரித்தார். காலையிலிருந்து நீங்கள் நான்காவது கார் என்று தொடர்ந்தார். முந்தின கார் ஈப்போவிலிருந்து வந்ததாம், அவர்கள் கல்யாணத்துக்குப் போகிறார்களாம், மணப்பெண்ணே காருக்குள் இருந்தாளாம்.

என் கணவர் குனிந்து, தன் இடது கண்ணைக் காட்டி, இன்று ஊசி, பதினோரு மணிக்குள் போக வேண்டும் என்று சொன்னார். லோரிக்காரரின் மலாய், கறாராக, நேராக. அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. வானொலிக் கருவியில் ஏதோ சொன்னார். எங்களுடைய அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அவரே ஓடிப்போய், ஓரத்தில் வரிசையாக இருந்த ஆரஞ்சு நிறக் கூம்புகளில் மூன்றை நகர்த்தினார். திரும்பிப் போகும் பாதை அங்கே இருந்தது.

"அடுத்த தடவை பலகையைப் பாருங்கள், ஆன்ட்டி, பேருந்தைப் பார்க்காதீர்கள்" என்றார் மலாயில். நான் பேருந்தைப் பின்தொடர்ந்தேன் என்று சொல்லவே இல்லை. இந்தத் தவறைச் செய்பவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பது அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது.

காலை 10.15. நகரத்துக்குள் இறங்கினோம். இனி எல்லாம் பேருந்தில் பார்த்த சாலை. ஆனால் எதிர்த் திசையிலிருந்து வருவதால் ஒன்றும் பார்த்தது போல இல்லை. இம்முறை பலகைகளை மட்டும் படித்தேன். உரக்கப் படித்தேன். என் கணவர் தன் மரக்கடைகளையும் ரவுண்டபௌட்டுகளையும் மறந்து, நான் படித்த ஒவ்வொரு பெயரையும் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "ஸ்தூலாங், இடப்பக்கம்" என்று நான் படித்தால், "ஸ்தூலாங், லெஃப்ட்டு" என்பார். பக்கத்துக் கார்க்காரர் பார்த்திருந்தால் நாங்கள் பஜனை பாடிக்கொண்டு போகிறோம் என்று நினைத்திருப்பார்.

மருத்துவ நிலையத்தின் முன்னால் இருந்த கார் நிறுத்தம் நிறைந்திருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் அடுக்கு நிறுத்தம் இருந்தது. சுருள் போல மேலே ஏறும் பாதை. மணிக்கு 2 ரிங்கிட். நான் இதுவரை இப்படி ஒன்றில் ஏறியதில்லை. வேறு நாளாக இருந்தால் திரும்பிப் போயிருப்பேன். அன்று, எல்லை வரை போய் வந்தவளுக்கு ஒரு சுருள் பாதை என்ன செய்யும் என்று தோன்றியது. முதல் வளைவில் பக்கக் கண்ணாடி சுவரில் உரசியது. நான்காவது மாடியில் இடம் கிடைத்தது.

"என்னா சத்தம் அது?"

"கண்ணாடி."

"லெஃப்ட்டா ரைட்டா?"

"லெஃப்ட்டு. உங்க பக்கம்."

"அப்ப பரவால்ல. நான் பாக்கப் போறதில்ல" என்றார். அன்று காலையிலிருந்து அவர் சொன்ன முதல் வேடிக்கை.

10.40க்கு அவர் கையெழுத்துப் போட்டார். தாதி எங்களைப் பார்த்ததும், "சிங்கப்பூர் எப்படி இருந்துச்சி, ஆன்ட்டி?" என்று கேட்டார். கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். அவரை வரிசையின் கடைசியில் உட்கார வைத்தார்கள். அவருக்கு முன்னே இருந்த மூவரும் ஒவ்வொருவராக உள்ளே போய் வெளியே வந்தார்கள். மருத்துவர் கிளம்பத் தயாராகி, பையைக்கூட எடுத்துவிட்டார். கதவருகே எங்களைப் பார்த்து, பையைக் கீழே வைத்தார்.

என் கணவர் உள்ளே போனதும், காலியான நாற்காலி வரிசையில் உட்கார்ந்து, பின் இருக்கையில் வைத்திருந்து எடுத்து வந்த ரொட்டியைத் தின்று முடித்தேன். அவருக்கென்று கொண்டு வந்தது. பிறகு அவருக்கு வேறு வாங்கிக் கொடுத்தேன்.

இடது கண்ணில் வெள்ளைக் கட்டோடு வந்தார். வலது கண்ணிலும் பார்வை இல்லாததால் என் தோளைப் பிடித்துக்கொண்டு முகப்புக்கு நடந்தார். மருத்துவர் பின்னாலேயே வந்து, இடது கண் சென்ற மாதம் போலவே இருக்கிறது, மோசமாகவில்லை, விடாமல் வாருங்கள் என்றார்.

முகப்பில் தாதி அடுத்த மாதத்துக்கான நேரத்தைக் கேட்டார். காலை எட்டரைக்கு ஒரு இடம், பதினொன்றரைக்கு ஒரு இடம். என்னைப் பார்த்து, "லேட்டாவே போடட்டுமா ஆன்ட்டி? காலையில ஜாம் பயங்கரமா இருக்கும்" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார்: "எட்டரை போடுங்க."

"அங்கிள், அந்த நேரத்துல பாலம் நகராது."

"ஓட்டப் போறது நானா? எட்டரை போடுங்க."

மணியத்தின் பெயரை அவர் அன்று அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

மதியம் 12.30. திரும்பும் வழியில், சிங்கப்பூருக்குத் தடம் பிரியும் அதே சந்திப்பு வந்தது. கைப்பேசி வேறு வழி காட்டியது. மூன்று கிலோமீட்டர் சுற்று, ஆனால் அந்தத் தடங்களைத் தவிர்த்துவிடலாம். நான் அதை அணைத்துவிட்டு, அதே வழியில் போனேன். பலகையைப் படித்தேன். தேவையான இடத்தில் ஒதுங்கினேன். ஒரு பச்சைப் பேருந்து என்னைத் தாண்டிக்கொண்டு வேறு எங்கோ போனது. அதன் முகப்புப் பலகையைப் படித்தேன், எனக்குத் தேவையில்லாவிட்டாலும்.

கோத்தா திங்கியையும் இந்த நகரத்தையும் ஒப்பிடச் சொல்லி என்னைக் கேட்பவர்கள் உண்டு. அங்கே ஒரு சாலை தவறினால் தெரிந்தவர் வீட்டு வாசலில் போய் நிற்போம், ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்புவோம். இங்கே தவறினால் வேறு நாட்டின் வாசலில் நிற்போம். ஆனால் அங்கே மழை பெய்தால் எந்தச் சாலையும் இருக்காது. இங்கே தவறிய பிறகும் திரும்புவதற்கு மூன்று கூம்புகளை நகர்த்தினால் போதும். எனக்கு இது தேவலை. எங்கள் கண்ணுக்கும் இது தேவலை.

பெர்மாஸ் ஜெயாவுக்கு வருபவர்கள் அந்தப் பாலத்தின் அழகைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். ஆற்றின் முகத்துவாரம், கடல், கப்பல்கள், எதிர்க்கரை என்றெல்லாம் சொல்கிறார்கள். பயணக் கட்டுரை எழுதுபவள் அதை வர்ணிக்க வேண்டும். என்னால் முடியவில்லை. அந்தப் பாலத்தை எத்தனையோ முறை கடந்துவிட்டேன், முன்னால் போகும் வாகனங்களின் பின்விளக்குகளைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

அன்று மதியம் பாலத்தின் நடுவில் போகும்போது என் கணவர் வழக்கம் போலக் கேட்டார்.

"ரைட்ல கப்பல் நிக்கிதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி, சரி. நீ ரோட்டப் பாரு" என்று இருக்கையைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். "கட்டு அவுக்கட்டும். அடுத்த மாசம் நான் பாத்துச் சொல்றேன்."